மருந்தே வினையானால்...



மருத்துவர் எழுதித் தந்த மருந்தை உட்கொண்டு ஒருவருக்குப் பெருந்தீங்கு நேர்ந்துவிட்டால், நம் இல்லங்களில் முதலில் எழும் சொல் 'நஸீபு' என்பதாகும். அடுத்து எழுவது, "டாக்டர்மீது கேஸ் போட்டு நம்மால் ஜெயிக்க முடியுமா?" என்பது. முதற்சொல் பொறுமையின்பாற்பட்டது; அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் பொறுமை வேறு, உரிமையைக் கைவிடுதல் வேறு. மருத்துவம் அறியாமலே மருத்துவம் பார்த்துத் தீங்கு விளைத்தவர் அதற்குப் பொறுப்பாளி என்று நம் பிக்ஹு நூல்களும் பேசுகின்றன. இரண்டாவது கேள்விக்குத்தான் விடை தேட வேண்டும். அதற்கு ஒரு வழக்கைப் பார்ப்போம்.

1998ஆம் ஆண்டு, அமெரிக்காவில் வாழ்ந்து வந்த அனுராதா சாஹா என்னும் பெண்மணி விடுமுறைக்குக் கல்கத்தா வந்திருந்தார். உடம்பில் தடிப்பு கண்டது. மருத்துவர் ஒருவர் டெப்போமெட்ரால் என்னும் ஸ்டீராய்டு ஊசியை 80 மில்லிகிராம் அளவில் நாளொன்றுக்கு இருமுறை போடும்படி எழுதினார். அது உடலில் பல நாட்கள் தங்கி மெல்ல வேலை செய்யும் மருந்து. ஒரு முறை போட்டால் மறுமுறைக்கு ஒரு வாரமோ இரு வாரமோ இடைவெளி விட வேண்டியது. நோய் முற்றித் தோல் உரியத் தொடங்கியது. பம்பாய்க்குக் கொண்டு சென்றும் பயனின்றி மே மாத இறுதியில் அவர் இறந்தார்.

கணவர் குணால் சாஹாவும் ஒரு மருத்துவரே. அவர் நுகர்வோர் தேசிய ஆணையத்தில் முறையிட்டார். 2006இல் முறையீடு தள்ளுபடியாயிற்று. உச்ச நீதிமன்றம் சென்றார். 2009இல் மருத்துவர்களும் மருத்துவமனையும் கவனக்குறைவாக நடந்தனர் என்று தீர்ப்பாயிற்று. இழப்பீட்டுத் தொகை முடிவாக மேலும் நான்காண்டுகள் சென்றன. 2013 அக்டோபரில் ஏறத்தாழ 5 கோடியே 96 லட்ச ரூபாய், வட்டியுடன் வழங்க ஆணை பிறந்தது. பதினைந்து ஆண்டுகள்!

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது தொகையை அன்று. அந்த மருந்து கலப்படமானதன்று, காலாவதியானதும் அன்று. பிழை அளவில் இருந்தது. அந்த அளவு மருந்துச்சீட்டில் எழுத்தாக இருந்தது. "இரண்டு வேளை போடச் சொன்னார்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் வழக்கு எத்தனை தூரம் சென்றிருக்கும் என எண்ணிப் பாருங்கள். இன்னொன்று: அதே 2009 தீர்ப்பில் மருத்துவர்கள்மீதான குற்றவியல் வழக்கு நிலைக்கவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கடுங்கவனக்குறைவு நிரூபிக்கப்பட வேண்டும். இழப்பீட்டுக்கு அத்தனை வேண்டியதில்லை. ஆத்திரத்தில் நம்மவர் முதலில் ஓடுவது காவல் நிலையத்திற்கு. பெரும்பாலும் அங்கேயே களைத்துத் திரும்பிவிடுகின்றனர்.

மருந்து தயாரித்த கம்பெனியைக் கேட்க முடியாதா? முடியும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய மருந்தாயின், கம்பெனி தன் எச்சரிக்கையை மருத்துவருக்குத் தக்க முறையில் தெரிவித்திருந்தால் போதும். எச்சரிக்கவில்லை என்று அதன்மீது குறை கூற இயலாது. எனவே எச்சரிக்கை மருத்துவர் வரை வந்து நின்றுவிட்டதா, நோயாளியைச் சேர்ந்ததா என்பதே கேள்வியாகிறது. பக்கவிளைவு ஏற்பட்டது என்பது மட்டும் குற்றமாகாது. முன்பு எந்த மருந்து ஒவ்வாமல் போனது என்று கேட்டாரா? அளவு சரிதானா? உடம்பில் மாற்றம் கண்டதும் நிறுத்தினாரா? வழக்கு இவற்றில்தான் நிற்கும்.

ஆகவே தாள்களைக் காப்பாற்றுங்கள். மருந்துக்கடையில் பில் கேட்பதை நம்மவர் ஏதோ அவமரியாதை போலக் கருதுகின்றனர், கேட்டு வாங்குங்கள். மிச்சமுள்ள மாத்திரைகளை அட்டையோடு வையுங்கள். நாலு மாத்திரை வெட்டித் தரும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. மருந்தின் தரத்திலேயே ஐயம் இருப்பின், வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் இடம் தருகிறது. சிகிச்சைக் குறிப்புகளை நோயாளியோ அவருக்கு உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. கேட்பதை எழுத்தில் கேளுங்கள். நகலில் கையொப்பம் வாங்குங்கள். பக்கவிளைவை 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். அது பிறரைக் காக்கும் பதிவு. அதனால் இழப்பீடு வராது.

முறையிட வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் பெறும் மருத்துவரின் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலரிடம் பணம் வாங்கி ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையாயின் அந்த ஏழைகளுக்கும் இவ்வுரிமை உண்டு. எல்லார்க்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனைமீது மட்டும் இங்கே செல்ல இயலாது; சிவில் நீதிமன்றத்தை நாடலாம். இது ஏழைகளைத்தான் வருத்தும் என்பது என் கருத்து.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். மருத்துவத்திற்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக்கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எனினும் மருத்துவ நுணுக்கங்கள் நிறைந்த வழக்கில் அனுபவமுள்ள வக்கீலை நாடுவதே நன்று. பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி தரும்.

காலக்கெடு இரண்டே ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். மன்னித்தே தீர வேண்டும் என்பதில்லை. கணவர் சபரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தது தக்க காரணமாகக் கொள்ளப்படும் என நம்பியிராதீர்கள், சகோதரிகளே. தீங்குற்றவர் நீங்களாயின் மனுவில் கையொப்பமிட வேண்டியவரும் நீங்களே. குழந்தைக்காகத் தாயும், இறந்தவருக்காக வாரிசும் முறையிடலாம்.