தொட்டியில் பிழைக்கும் மீன் ஏரியில் சாவது ஏன்?

ஆலைக் கழிவு நீரில் மீன்களை விட்டுப் பார்ப்பது நம் நாட்டில் சட்டப்படியான சோதனை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1993இல் அறிவிக்கப்பட்ட பொது அளவுகளின்படி, வேறு நீர் கலக்காத கழிவு நீரில் மீன்களை விட வேண்டும். 96 மணி நேரத்துக்குப் பிறகு நூற்றுக்கு 90 மீன்களாவது உயிரோடு இருக்க வேண்டும். விதி நல்லதே. ஆனால் இதில் தேறிய நீரெல்லாம் ஏரிக்கு உகந்தது என்று கருதுவது ஆபத்தாகும்.

பெயின்ட், மருந்து ஆலைகளில் புழங்கும் கரைப்பான்களைப் பார்த்தால் இது விளங்கும். டொலுவீன் நேரடி விஷம். லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் இருந்தாலே நான்கு நாளில் பல வகை மீன்களில் பாதி செத்துவிடும். ஆனால் அது ஆவியாகிப் போகும் பொருள். திறந்த தொட்டியில் சோதித்தால் நேரம் ஆக ஆக அளவு குறைந்து, விஷம் சாதுவாகத் தோன்றும். மூடிய தொட்டியும், இடையிடையே அளவு பார்ப்பதும் அவசியமாவது இதனால்தான்.

மெத்தனாலின் கதை வேறு. பாதி மீன்கள் சாக லிட்டருக்கு 15,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். பயமில்லை என்றே தோன்றும். ஆனால் ஏரியிலுள்ள நுண்கிருமிகள் ஒரு கிராம் மெத்தனாலை முழுவதும் சிதைக்க ஒன்றரை கிராம் பிராணவாயு செலவாகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஏரி நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்கும். புதிதாகக் காற்று கலக்காவிட்டால், 6 மில்லிகிராம் மெத்தனாலே அத்தனையையும் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும்.

சோதனைத் தொட்டியில் இது தெரியாது. விஷத்தின் வேகத்தை மட்டும் தனியே அறிவதற்காக அங்கே பிராணவாயு குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

பெங்களூரு அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கே பேசப்பட்டது கரைப்பான் அல்ல, சாக்கடை. ஆயினும் காரணமாகக் கூறப்பட்டது இதே பிராணவாயுக் குறைவுதான்.

இதை எண்ணியே அதே விதிகள், ஏரி, ஆறுகளில் விடும் கழிவு நீரின் உயிர்வேதிப் பிராணவாயுத் தேவைக்கும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என வரம்பு வைத்துள்ளன. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 'மீன் பிழைத்தது' என்று ஓர் ஆலை சான்றிதழ் காட்டினால், தொட்டி மூடியதா, திறந்ததா, பிராணவாயுக் கணக்கு எங்கே என்று அதிகாரிகள் கேட்பது கடமை. மீனவரின் வலை வெறுமையான பிறகு கேட்டுப் பயனில்லை.