கழனியில ஆடினது அவன், காசு பாத்தது யாரு?

எங்க ஊர் சந்தைக்கு ஒரு காலத்துல கீரியும் பாம்பும் வச்சி வித்தை காட்றவர் வருவார். இதோ சண்டை விடப்போறேன், இதோ விடப்போறேன்னு சொல்லியே ஒரு மணி நேரம் கூட்டத்தை நிறுத்தி வைப்பார். கடைசி வரைக்கும் சண்டை நடக்காது, தாயத்து மட்டும் வித்துடும். நாலு பேர் ஏமாறத்தான் செய்வாங்க. ஆனா விக்கிற ஆள் கண்ணு முன்னாடி நிப்பார். ரெண்டாவது தடவை பாக்குற சின்னப் பையனுக்குக்கூட இவர் தாயத்து விக்கத்தான் வந்திருக்கார்னு தெரிஞ்சிடும்.

இப்போ அந்த வித்தை செல்போனுக்குள்ள வந்துடுச்சு. விக்கிற ஆளை மட்டும் காணோம்.

2024 தை மாசம், நவரை நடவு. என் கழனியில பொம்பளைங்க நாத்து நட்டுக்கிட்டிருந்தாங்க. எங்க தெருப் பையன் ஒருத்தன், சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை பாக்குறவன், நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து வரப்பு மேல நின்னு, அப்போ ஊரே ஆடிக்கிட்டிருந்த ஒரு பாட்டுக்கு ஆடி ரீல்ஸ் போட்டான். நல்லா ஓடுச்சு. நானும் பாத்துச் சிரிச்சேன்.

ஒரே வாரத்துல அவனுக்கு ஒரு போன். அதே பாட்டு, அதே வரப்பு, இன்னொரு தடவை ஆடு. கடைசி மூணு செகண்டு இந்த ரம்மி ஆப்பைக் காட்டு. 1,500 ரூபா தர்றோம். ஆடினான்.

அதைப் பாத்து ஆப்பை இறக்கினவன் அதே தெருவுல இன்னொரு பையன். மூணு மாசச் சம்பளம் போச்சு. அவங்க அம்மா கம்மல் அடகுக்கடைக்குப் போச்சு. "விளம்பரம்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன் பெரியப்பா, நம்ம அண்ணன்தானே ஆடுறாருன்னு நினைச்சேன்"னு சொன்னான்.

இந்த ஒரு வார்த்தையிலதான் எல்லாம் இருக்கு. டிவியில நடிகர் வந்து பேசினா காசு வாங்கிட்டுப் பேசுறார்னு நமக்குத் தெரியும். ஒரே பாட்டுக்கு ஆயிரம் பேர் ஆடும்போது, அதுல பத்து பேர் காசு வாங்கிட்டு ஆடினா எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, அதனால அந்த வீடியோவும் தானா எல்லார் போனுக்கும் போயிடுது. கீழ ஒரு லிங்க், ஒரு கோடு. அந்தக் கோடு போட்டு ஆள் சேந்தா கமிஷன். 1,500 ரூபாய்க்கு அவங்க வாங்கினது நம்ம பையன் மேல தெரு வச்சிருந்த நம்பிக்கை.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. காசோ இலவசப் பொருளோ வாங்கிட்டு ஒண்ணைப் பத்திப் பேசினா, அதைக் கண்ணுல படுற மாதிரி, எளிமையாச் சொல்லணும்னு மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலயே வழிகாட்டுதல் போட்டுடுச்சு. எங்க தெருவுக்கு அது வந்து சேரல.

ஆன்லைன் சூதாட்டத்துக்கு நீதியரசர் சந்துரு குழு அறிக்கை குடுத்து, 2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டுச் சட்டம் வந்துச்சு. நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு சொல்லி அதுங்களுக்கு மட்டும் தடையை நீக்கிச்சு. அடுத்த தைலதான் என் வரப்புல இந்த ஆட்டம். 2025 ஆகஸ்ட்ல மத்திய சட்டம் வந்து, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டையே தடை பண்ணிச்சு. விளம்பரம் பண்ணினாலும் 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்னு போட்டிருக்கு.

சந்தோஷம்தான். ஆனா மூடினது ஒரு கடையை, சந்தை அப்படியேதான் இருக்கு. ரம்மி போனா அவசரக் கடன் ஆப், அது போனா பங்குச்சந்தை டிப்ஸ் ஆப். பாட்டு மாறும், வரப்பு மாறும், கடைசி மூணு செகண்டு மாறாது.

ஆப்னாலே ஆகாத பழைய ஆளுன்னு என்னை நினைக்காதீங்க. 2018ல வந்த உழவன் ஆப் என் போன்லயும் இருக்கு. விதை இருப்பும் வாடகை இயந்திரமும் அதுலதான் பாக்குறேன். அதுக்காக யாரும் என் கழனியில வந்து ஆடல.

"பாவம், கிராமத்துப் பையன் நாலு காசு பாக்குறான், விடுங்களேன்"னு சொல்றவங்களும் இருக்கீங்க. பாக்கட்டும். சொல்லிட்டுப் பாக்கட்டும். மாட்டுச் சந்தையில தரகரும்தான் கமிஷன் வாங்குறார். அவர் தரகர்னு ரெண்டு பக்கமும் தெரியும்.

என் கோவம் பையன் மேல இல்ல. சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து, எந்தப் பாட்டு ஓடுது, எந்த ஊர்ப் பையன் சீக்கிரம் படிவான்னு கணக்குப் பாத்தவர் மேலதான். அவர் உங்க பக்கத்து நாற்காலியில இருக்கலாம். பாத்தா சொல்லுங்க: வீடியோ ஆரம்பிக்கும்போதே, "இது காசு குடுத்துப் போட்ட விளம்பரம்"னு தமிழ்ல பெருசா எழுதணும், ஆடுறவன் வாயாலயும் சொல்லணும். அப்படிச் சொன்னா யாருமே ஆப்பை இறக்க மாட்டாங்கன்னு அவர் சொல்வார். அப்போ இத்தனை நாள் வித்தது எதைன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி.

ஆடின பையன் இப்போ அந்த வீட்டுத் திண்ணைப் பக்கம் போறதில்ல. கம்மல் இன்னும் அடகுக்கடையிலதான் இருக்கு.