பீச்: பூவிலேயே பாதிச் சுமையை இறக்குவோம்

போன பருவத்தில் வளர்ந்த 45 செ.மீ. பீச் கிளையில் இருபதுக்கு மேல் பூ நிற்கும். நமக்கு வேண்டியது அதில் மூன்று பழம். மிச்சத்தைக் கையால் கிள்ளி எடுக்கும் கூலி தோட்டக் கணக்கில் எவ்வளவு கனக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஆப்பிளில் காய் கலைக்கக் கைகொடுத்த என்.ஏ.ஏ., கார்பரில் மருந்துகள் இரண்டையும் பீச்சில் நம்ப முடியவில்லை. எத்திபான் காயை உதிர்க்கும். வெயில் ஏறினால் அளவு மீறி உதிர்க்கும், இலையும் கொட்டும், கிளையில் பிசின் வடியும். எஞ்சுபவை பூவைக் கருக்கும் மருந்துகள்: அம்மோனியம் தயோசல்பேட், சுண்ணாம்பு கந்தகக் கரைசல். தெளித்த ஓரிரு நாளில் பூவைப் பிரித்துப் பாருங்கள். சூல்முடி பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் அந்தப் பூ காய்க்காது. மகரந்தக் குழல் முன்பே சூற்பையை எட்டிவிட்ட பூவும், இன்னும் விரியாத மொக்கும் தப்பிவிடும். அதனால் மருந்தின் அளவைவிடத் தெளிக்கும் நாள்தான் முக்கியம்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் பூவிலேயே கலைக்க வேண்டும்? காயின் செல்கள் பெருகுவது பூத்த முதல் சில வாரங்களில். பழம் எவ்வளவு பருக்கும் என்பதில் பெரும்பங்கு அப்போதே முடிவாகிறது. வழக்கம்போல் 40 முதல் 60 நாள் கழித்துக் கையால் கலைக்கும்போது, வீணாகப்போகும் காய்கள் மரத்தின் உணவைத் தின்று முடித்திருக்கும். அந்த இழப்பைப் பிறகு உரத்தாலோ நீராலோ முழுதாக ஈடுகட்ட முடியாது.

ஆனாலும் முழுச் சுமையையும் மருந்திடம் விடக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. 2023-ல் வெதுவெதுப்பான குளிர்காலமும் மார்ச் உறைபனியும் சேர்ந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பீச் விளைச்சலை அழித்தன. பூவைக் கருக்கிய பின் உறைபனி விழுந்தால் திரும்பப் பெற எதுவுமில்லை. மிகையாகக் கலைத்த மரத்தில், குறிப்பாக முன்பருவ ரகங்களில், பழம் அவசரமாகப் பருத்துக் கொட்டை பிளக்கும் ஆபத்தும் உண்டு. பாதியைப் பூவில் இறக்குங்கள். மீதியை உறைபனிக் காலம் கடந்ததும், கொட்டை இறுகும் முன், கையால் கலையுங்கள். பனி தேங்கும் பள்ளப் பகுதிகளில் தெளிக்கவே வேண்டாம்.

இந்த இதழுக்கு வரும் சோதனை அறிக்கைகள் பல, எத்தனை சதவீதப் பூ உதிர்ந்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. விவசாயிக்கு அது போதாது. அதே வரிசையில் தெளிக்காத சில மரங்களை விட்டுவையுங்கள். தரவாரியாகப் பழ எடை, கைக்கலைப்புக்கு ஆன ஆள்மணி, கொட்டை பிளந்த பழங்களின் பங்கு, மறு ஆண்டுப் பூப்பு ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். அத்தகைய அறிக்கைகளுக்கு இனி முதலிடம் தருவோம்.