‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து?

வருஷந்தோறும் பரீட்சை முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் ஒரு மந்திராலோசனை நடைபெறுகிறது. தகப்பனார் அக்கிராசனம் வகிக்கிறார். தாயார் திருத்தப் பிரேரணைகள் கொண்டுவருகிறார். அத்தையும் சித்தப்பாவும் டெலிபோன் வாயிலாக ஆதரித்துப் பேசுகிறார்கள். பிள்ளையையோ பெண்ணையோ எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதே விவாதத்துக்குரிய விஷயம். நெடுநேரம் வாதித்த பின்னர், பெரும்பாலான வீடுகளில் நிறைவேறும் தீர்மானம் ஒன்றேதான்: கம்ப்யூட்டர் படிப்பு. படிக்கப்போகிறவரின் அபிப்பிராயத்தைக் கேட்கும் வீடுகளும் சில உண்டு.

இத்தீர்மானத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆனால், “அந்தப் படிப்பில் என்ன கற்பிக்கிறார்கள்?” என்று பெற்றோரை விசாரித்துப் பாருங்கள். “நல்ல சம்பளம் கிடைக்கும்” என்று விடை வரும்! சம்பளம் வேண்டியதுதான், அரிசியும் பருப்பும் சும்மா வருவதில்லை. எனினும் சம்பளம் என்பது கல்வியால் வரும் பயனேயன்றிக் கல்வி ஆகாது. அந்தக் கல்விதான் யாது என்பதை, அதைப் பயிலத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவியின் அநுபவத்தைக் கொண்டு இவ்வாரம் சற்றே ஆராய்வோம்.

நம் சிநேகிதர் ஒருவரின் குமாரி கலாசாலையில் முதல் வருஷம் படிக்கிறாள். அண்மையில் நம்மைக் காண வந்தவள், “மாமா, ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?” என்று கேட்டாள்.

“மூன்று, இதில் என்ன சந்தேகம்?” என்றோம்.

“யந்திரம் ஐந்து என்கிறதே!” என்றாள்.

ஒரு சொல்லில் எத்தனை எழுத்து உண்டு என்று எண்ணிச் சொல்லும்படி யந்திரத்துக்குக் கட்டளை எழுதுவது அவர்களுக்கு இடப்பட்ட ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்று. ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தபோது விடை சரியாகவே வந்தது. தாய்மொழியின் பெயரைக் கொடுத்தாள், கணக்குத் தப்பிற்று. யந்திரம் பழுதோ என்று முதலில் ஐயுற்றாள். பிறகு இரண்டு நாள் அதைத் துருவிப் பார்த்ததில் உண்மை விளங்கிற்று.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பதே தெரியாது. அது அறிந்தவை ஒன்றும் பூஜ்யமுமே. ஆகவே உலகத்து எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு யூனிகோடு என்று பெயர். அதில் நமது ‘அ’வுக்கு உரிய எண் 2949. ‘ஆ’வுக்கு 2950. ‘க’வுக்கு 2965. ஆனால் ‘கி’ என்பதற்குத் தனி எண் கிடையாது. ‘க’வுக்கு ஓர் எண்ணும், இகரத்தைக் காட்டும் குறிக்கு 3007 என்ற வேறோர் எண்ணுமாக இரண்டு எண்கள் சேர்ந்தே ‘கி’ ஆகின்றது. இதைவிட வியப்பானது மெய்யெழுத்தின் கதி. ‘க்’ என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கிறது என்று நம் இலக்கணம் கூறுகிறது. யந்திரத்திலோ ‘க’ முதலில் வந்து நிற்க, அதோடு புள்ளி என்பது தனியே சேர்ந்து ‘க்’ பிறக்கிறது. குழந்தை தாயைப் பெற்ற கதைதான்! இக்கணக்கின்படி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ‘தமிழ்’ ஐந்தாகிவிடுகிறது.

“யந்திரம் தப்புச் செய்யவில்லை, மாமா. எழுத்து என்றால் என்ன என்று நான்தான் அதற்குச் சொல்லவில்லை. இகரக் குறியும் புள்ளியும் தனி எழுத்தல்ல, முன் எழுத்தோடு சேர்ந்தவை என்று ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். மூன்று என்று சொல்லிவிட்டது” என்றாள் அப்பெண். அவ்விதியை எழுதுவதற்காக, பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கென்று நெட்டுருச் செய்து மறந்த எழுத்திலக்கணத்தை மறுபடியும் எடுத்துப் படித்தாளாம். தமிழ்ப் பண்டிதரால் ஆகாத காரியத்தை யந்திரம் சாதித்துவிட்டது என்று அவள் தகப்பனார் பரிகசிக்கிறார்.

இச்சிறு சம்பவத்தில் அந்தச் சாஸ்திரத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து. 1843-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டிருந்த ஒரு கணக்கு யந்திரத்தைப் பற்றி ஏடா லவ்லேஸ் என்னும் பெண்மணி விரிவான குறிப்புகள் எழுதி வெளியிட்டார். அந்த யந்திரம் முற்றுப்பெறவே இல்லை. ஆயினும் அது தானாக எதையும் தோற்றுவிக்க வல்லதன்று என்றும், செய்யும் வழியை நாம் அறிந்து கட்டளையிட்டால் அதைச் செய்யும் என்றும் அவர் அன்றே எழுதினார். நமக்குத் தெரிந்ததாக நாம் எண்ணியிருக்கும் விஷயங்களில் எவ்வளவு உண்மையிலேயே தெரியும் என்பதை இந்த யந்திரம் கண்ணாடிபோல் காட்டிவிடுகிறது. குறிப்பறிந்து நடக்கும் வேலைக்காரன் அல்ல அது. சொன்னதைச் சொன்னபடியே செய்யும்.

நிற்க. அப்பெண் கேட்ட வேறொரு கேள்வி நம்மை இன்னும் அதிகமாகச் சிந்திக்க வைத்தது. ‘க’வின் எண் 2965, அடுத்து வரும் ‘ங’வின் எண் 2969. இடையிலுள்ள மூன்று எண்களும் காலி. “இந்த மூன்று நாற்காலிகள் யாருக்காக, மாமா?” என்றாள். ஹிந்தி முதலிய மொழிகளில் ககர வர்க்கத்தில் கூடுதலாக உள்ள மூன்று எழுத்துக்களுக்கு நேரான இடங்கள் அவை. பாரத மொழிகள் பலவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த ‘இஸ்கி’ என்ற திட்டம் நம் தேசத்திலேயே வகுக்கப்பட்டது. அதன் 1988-ஆம் வருஷத்து அமைப்பைத் தழுவியே 1991-ல் யூனிகோடு நம் எழுத்துக்களுக்கு எண் வழங்கிற்று. ஒரு லிபியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாக மாற்றலாம் என்பது போன்ற நியாயங்கள் அதற்கு இருந்தன. தமிழின் இயல்புக்கு அது முற்றும் பொருந்தவில்லை என்ற குறை பின்னால் எழுந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டதோடு, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் அளிக்கும் ‘டேஸ் 16’ என்ற முறையையும் அங்கீகரித்தது. ஆனால் உலகம் வழங்குவது யூனிகோடைத்தான். ஒரு முறை கொடுத்த எண்ணைப் பிறகு மாற்றுவதில்லை என்பது அதன் உறுதியான விதி.

நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யந்திரத்துக்குள் இருக்கும் விதி எதுவும் ஆகாயத்திலிருந்து இறங்கியதல்ல. எங்கோ ஓர் அறையில் சில மனிதர்கள் உட்கார்ந்து வகுத்தது. அந்த அறையில் விஷயம் அறிந்தவர்களுக்கே வாய் உண்டு. மற்றவர்கள் பிறர் கட்டிய வீட்டில், பிறர் வைத்த வாயிற்படியில் தலை இடித்துக்கொண்டு வாழ வேண்டியதுதான்.

விதி வகுப்பவர்களாக இருப்பதற்கு நம்மவருக்குத் திறமை போதாது என்று யாரேனும் சொல்வார்களானால், அவர்களுக்கு நாம் பம்பாயைக் காட்டுவோம். அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஓர் இளைஞர் கூட்டம், ஐம்பதுகளில், சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டத் துணிந்தது. 1956-ல் மாதிரி யந்திரம் இயங்கிற்று. 1960-ல் முழு யந்திரமும் வேலைக்கு வந்தது. பழைய ரேடியோப் பெட்டியில் இருந்தவை போன்ற வால்வுகள் மட்டும் அதில் சுமார் 2,700. 1962-ல் ஜவாஹர்லால் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயரிட்டார். அதற்குள் டிரான்ஸிஸ்டர் வந்து, வால்வு யந்திரங்களைப் பழம்பொருளாக்கத் தொடங்கிவிட்டது. ஆகையால் டிஃப்ராக் நீண்ட காலம் உழைக்கவில்லை. பணம் வீண் என்று சொல்லலாமா? யந்திரம் போயிற்று, அதைக் கட்டிக் கற்ற அறிவு தங்கிற்று.

இப்போது புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், கேட்ட மாத்திரத்தில் கட்டுரையும் கணக்கும் கம்ப்யூட்டர்க் கட்டளையும் எழுதித் தரும் யந்திரங்கள் பெருகிவிட்டன. அப்பெண்ணின் வகுப்பில் பலர் இரண்டு நாள் துருவும் சிரமத்தை மேற்கொள்வதில்லையாம். இரண்டு நிமிஷத்தில் விடை வாங்கி ஒட்டிவிடுகிறார்களாம். “அப்படியிருக்க நான் ஏன் கற்க வேண்டும் என்று சில சமயம் தோன்றுகிறது” என்று அவளே சொன்னாள்.

அந்த யந்திரங்கள் பயனற்றவை என்று நாம் சொல்லமாட்டோம். அளவிறந்த நூல்களையும் பத்திரிகைகளையும் ஊட்டி, ஒரு சொல்லுக்குப் பின் எது வரத்தக்கது என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அவை பெரும்பாலும் சரியாகச் சொல்கின்றன. தவறும்போதும் அதே தோரணையோடுதான் சொல்கின்றன, அங்கேதான் அபாயம். மேலும், அவை எந்த மொழியையும் துண்டு துண்டாக வெட்டியே விழுங்குகின்றன. அவற்றுள் பல, ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழை மிகுதியான துண்டுகளாக வெட்டுகின்றன. துண்டுகள் மிகுந்தால் செலவும் மிகும். எண் வழங்கிய அறையைப் போல இதோ இன்னோர் அறை! ‘ஐந்து’ என்று யந்திரம் கூறும்போது, ‘இல்லை, மூன்று’ என்று மறுக்கவும், மறுப்புக்குக் காரணம் காட்டவும் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டாமா? விடையை வாங்கி ஒட்டுகிறவரால் அது முடியுமா?

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். பிள்ளைகளைத் தாராளமாக அப்படிப்பில் சேருங்கள். மாலையில் வீடு திரும்பியதும், “எத்தனை மார்க்கு?” என்று கேட்பதற்கு முன், “இன்று எதை நீயே கண்டுபிடித்தாய்?” என்று ஒரு நாளாவது கேளுங்கள். அவர்கள் சொல்வது நமக்கு முழுவதும் புரிய வேண்டும் என்பதில்லை. கேட்பதற்கு ஒருவர் உண்டு என்று தெரிந்தால், இரண்டு நாள் துருவுவதற்கு அவர்களுக்கும் மனம் வரும். மாணவர்களுக்குச் சொல்வதும் ஒன்று உண்டு: விடை சீக்கிரம் கிடைக்கும் காலத்தில் பிறந்திருக்கிறீர்கள், அது பாக்கியந்தான். அவ்விடையைச் சோதித்துப் பார்க்கும் அறிவை மட்டும் எவரிடமும் கடன் வாங்காதீர்கள்.