ஒரே தீவு, இரண்டு கடல்

வானொலியிற் காலைச் செய்தி முடிந்து கடல் நிலவரம் வாசிக்கப்படும்போது, நம் வீடுகளிற் பெரும்பாலும் எவரும் காது கொடுப்பதில்லை. தேநீர்க் கோப்பை கழுவும் ஓசையில் அது அமுங்கிப் போய்விடுகிறது. மன்னார்த் தீவின் கரையோரக் குடும்பங்களுக்கோ, அன்று அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த நாலைந்து வாக்கியங்களைப் பொறுத்தது. புத்தளத்தில் தொடங்கி மன்னாரூடாகக் காங்கேசன்துறை வரையுள்ள கடற்பரப்பை ஒரே மூச்சிற் குறிப்பிட்டு, காற்று இன்ன திசை, வேகம் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர், கடல் ஓரளவு கொந்தளிப்பாக இருக்கும் என்று அறிவிப்பாளர் முடித்துவிடுகிறார். தீவைச் சூழ்ந்த கரை முழுவதையும் சில வாக்கியங்களில் அடக்கவேண்டிய வளிமண்டலவியல் திணைக்களத்தாரை இதற்காகக் குறை கூறுவதற்கில்லை. எனினும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கடல்கள் கிடக்கின்றன.

தேசப்படத்தைச் சற்றே விரித்துப் பார்ப்போம். ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மன்னார்த் தீவு, வடமேற்காக நீண்டு, தலைமன்னாரில் முடிந்து, அங்கிருந்து மணற்றிட்டுகளாகத் தனுஷ்கோடியை நோக்கித் தொடர்கிறது. இராமர் பாலமென்றும் ஆதாம் பாலமென்றும் அத்திட்டுகளை வழங்குகிறோம். இந்த நீண்ட வரம்புக்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. கரையை விட்டு அகல அகல ஆழம் ஆயிரம் மீற்றரையும் தாண்டும். வடக்கே இருப்பது பாக்கு விரிகுடா. அதன் ஆழமோ பெரும்பாலும் பத்து மீற்றரைச் சுற்றியே நிற்கிறது. ஒன்று பெருங்கடலின் வாசல். மற்றது நாற்புறமும் அடைபட்ட முற்றம்.

பள்ளிமுனை அந்த முற்றத்துப் பக்கத்து ஊர். மன்னார் நகரை ஒட்டி, புனித லூசியா தேவாலயத்தோடும் பழைய பெருக்கமரத்தோடும் இருக்கும் கடற்றொழிலாளர் கிராமம். அம்மரத்தின் அடிச் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். வயது எழுநூறு ஆண்டுகளென மதிப்பிடுகின்றனர். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதென்பது வழிவழி வந்த செய்தி. அவ்வணிகர்களும் வருவதற்கு ஒரு காற்றையும் போவதற்கு ஒரு காற்றையும் நம்பித்தான் பாய் விரித்தார்கள். பள்ளிமுனையில் நாம் காற்றைப் பற்றிப் பேசுவது, ஆகவே, புதிய பேச்சன்று.

புதியது, பேசுகின்ற கருவி. அலைமேற் பலகையிற் சறுக்கி விளையாடுவோருக்காக, உலகின் எந்தக் கரையின் பெயரைச் சொன்னாலும் ஒரு வாரத்துக்குரிய அலை உயரத்தையும் காற்றையும் எண்களாக அடுக்கித் தரும் கணினிக் கணிப்புகள் இன்று வந்துள்ளன. பள்ளிமுனையென்று கேட்டாலும் கூசாமல் எண்கள் வரும். அந்த எண்களைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு கடலிற் கால் வைக்க எண்ணும் இளைஞர், அவை எங்கிருந்து வருகின்றன என்பதைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. உலகளாவிய கணிப்பிற் கடல் முழுவதும் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழப் பத்து முதல் இருபத்தைந்து கிலோமீற்றர் வரை இருக்கும். மன்னார்த் தீவின் அகலமோ சில கிலோமீற்றர்தான். பெரிய கட்டமொன்றுக்குள் தீவே மறைந்துபோகும். தெற்கு வளைகுடாவின் அலை, வடக்குக் கரையின் பெயரில் அச்சாகி வரவும் கூடும். கணக்கிற் பிழையில்லை, கட்டம் பெரிது, ஊர் சிறிது.

காற்றைக் கொண்டு அலையைக் கணிக்கும் இக்கலை, போர்க்காலத்திற் பிறந்தது. ஸ்வேர்ட்ரப், மங்க் என்னும் இரு அறிஞர்கள் இரண்டாம் உலக யுத்தத்தின்போது இதற்கு முறை வகுத்தனர். 1944 யூன் மாதத்தில் நோர்மண்டிக் கரையிற் படை இறங்கியபோது அம்முறை பயன்பட்டது. அவர்கள் கண்டதன் சாரம் எளியது. அலையின் பெருமை மூன்றினால் அமைகிறது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது தழுவிச் செல்லும் நீரின் நீளம். இவற்றுள் மூன்றாவதுதான் பள்ளிமுனையைக் காப்பது. வாடைக் காற்று எவ்வளவு சினந்து வந்தாலும், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் மன்னாருக்கும் இடையே அதற்குக் கிடைப்பது எழுபது, எண்பது கிலோமீற்றர் நீர்தான். அந்த ஓட்டத்தில் எழுவது குட்டை அலை. நாலைந்து வினாடிக்கு ஒன்றாக, நெருக்கமாக, கலங்கிய நீரோடு வந்து மோதும். வங்காலையிலோ சிலாவத்துறையிலோ நின்று பார்த்தால் மன்னார் வளைகுடாவின் அலை வேறு இனம். இந்து சமுத்திரத்தின் தென்கோடியிற் பிறந்த நீளலைகளும் அங்கே வந்து சேரமுடியும்.

ஓர் அலை, தன் உயரத்தின் ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் ஏறக்குறைய உடைந்துவிடும் என்பது மாணவர் நினைவில் வைக்கத்தக்க கணக்கு. அரை மீற்றர் அலை, முழங்காலுக்குச் சற்று மேலான நீரிலேயே உடையும். பள்ளிமுனையின் முன்னே நெடுந்தூரம் பரந்திருப்பது சேறும் மணலுமான ஆழமற்ற தரை. வரும் அலை, கரையைக் காணுமுன்பே களைத்துவிடுகிறது. எனவே அலைச்சறுக்கு விளையாட்டுக்கு இங்கே வாய்ப்பில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அதை நாடுவோர் சித்திரை தொடங்கி ஐப்பசி வரை கிழக்கே அறுகம்பைக்குப் போகட்டும். அலை இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறதே என்று, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் விரையும் விளையாட்டுக்காரர் கற்பிட்டிக்கும் மன்னாருக்கும் வருகின்றனர். 2020 டிசெம்பரில் தீவின் தென்கரையோரத்தில் முப்பது காற்றாடிகளோடு ‘தம்பபவனி’ மின்னிலையம் திறக்கப்பட்டதும் இதே காற்றை நம்பித்தான்.

இனி, விளையாட்டை விட்டு உயிர்ப் பேச்சுக்கு வருவோம்.

நம் முன்னோர் காற்றுக்குத் திசையால் பெயரிட்டனர்: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தென்மேற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். முன்னறிவிப்பில் ஒரு சொல்லை மாத்திரம் கேட்க நேரமிருக்குமாயின், வேகத்தை விட்டுவிட்டுத் திசையைக் கேட்க வேண்டுமென்பது நமது கருத்து. மே முதல் செப்டெம்பர் வரையான சோளகக் காலத்திற் காற்று தெற்குக் கரையான தாழ்வுபாட்டில் கடலிலிருந்து தரைக்கு வீசுகிறது. அங்கே கடல் கர்ச்சிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்; பார்த்தவர் இறங்கமாட்டார். அதே வேளையிற் பள்ளிமுனையில் அது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோர நீர் குளம்போலக் கிடக்கும். அதுதான் ஏமாற்று. கரையை விட்டு அகலுந்தோறும் காற்றுக்கு ஓட இடம் கிடைக்கிறது, அலை வளர்கிறது. இயந்திரம் நின்றுபோன வள்ளம் தானாகவே விரிகுடாவின் நடுவை நோக்கி நகரும். அதனினும் அஞ்சத்தக்கது, விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் காற்றடைத்த வண்டிச் சக்கரக் குழாயில் ஏறி மிதப்பது. இடுப்பளவு நீர் என்று பெற்றோர் எண்ணியிருக்கும்போதே குழாய் வெகுதூரம் போய்விடும். முன்னறிவிப்பில் அன்றைய அலை உயரம் மிகச் சிறிய எண்ணாகவே இருக்கும். அவ்வெண் இந்த ஆபத்தைச் சொல்லாது.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு சொல். அலை உயரம் ஒரு மீற்றர் என்றால் எல்லா அலையும் ஒரு மீற்றர் என்று பொருளன்று. அலைகளை உயர வரிசையில் நிறுத்தி, மேலேயுள்ள மூன்றிலொரு பங்கின் சராசரியைத்தான் அவ்வாறு குறிக்கிறார்கள். நேரஞ் செல்ல, ஏறத்தாழ அதனினும் இருமடங்கான அலையொன்று இடையே வரத்தான் செய்யும்.

காற்றே இல்லாத நாளில் வரும் அலையும் உண்டு. சில ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், தென்கடலில் எழுந்த புயலின் நீளலைகள் நாலைந்து நாள் பயணஞ் செய்து, வானம் வெளுத்திருக்கும் ஒரு பகலிற் கரையை முட்டும். கேரளக் கரையின் மீனவர் இதைக் ‘கள்ளக்கடல்’ என்றனர். 2012இல் அந்தப் பெயரையே யுனெஸ்கோவும் விஞ்ஞான வழக்கிற்கு ஏற்றுக்கொண்டது. மன்னார் வளைகுடாவின் மேற்கு வாசலான கன்னியாகுமரி மாவட்டத்தில், 2024 மே 6ஆம் திகதி, லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் இவ்வாறான அலையில் அகப்பட்டு மாண்டனர். ஐதராபாத்திலுள்ள கடல் ஆய்வு மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது. கணிப்புத் தவறவில்லை, கணித்த செய்தி அந்த ஐவரின் கால்களை நிறுத்தவில்லை. பள்ளிமுனைக்குத் தீவே அரணாக நின்று இவ்வலையைத் தடுத்துவிடுகிறது. ஆனால் பள்ளிமுனைப் பிள்ளைகள் உறவினரைக் காணத் தெற்குக் கரைக்குப் போகாமலா இருக்கிறார்கள்?

இதுவரை கூறியதைக் கேட்டவர், ஆழமின்மை பள்ளிமுனைக்கு வாய்த்த வரம் என்று முடிவு கட்டக்கூடும். ஆண்டில் முந்நூற்றறுபது நாளும் வரந்தான். எஞ்சிய நாட்களில் ஒன்று 1964 டிசெம்பர் 22.

அன்று வங்கக் கடலிலிருந்து வந்த சூறாவளி, இலங்கையின் வடபகுதியைக் குறுக்கே கடந்து பாக்கு விரிகுடாவுக்குட் புகுந்தது. நள்ளிரவை அண்டிய வேளையிற் கடல் தனுஷ்கோடியின் மேல் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த புகையிரதம், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அள்ளுண்டு போனது. 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற் பாதையின் மறுகரை, ஓர் இரவில் இல்லாமற் போயிற்று. ஐம்பதாண்டுகள் துறைமுகமாயிருந்த ஊர் அதன்பின் மீளவேயில்லை.

சாதாரண நாளில் முழங்கால் அலையைக்கூடத் தாங்கித் தணிக்கும் அந்த ஆழமற்ற கடல், அன்று மட்டும் ஏன் அவ்வாறு எழுந்தது? விடை, அதே ஆழமின்மையில் இருக்கிறது. காற்று தள்ளும் நீர் ஆழ்கடலிலாயின் அடியால் திரும்பி ஓடிவிடும். ஆழமற்ற விரிகுடாவில் திரும்ப வழியின்றிக் குவியும். தரை எவ்வளவு மேடோ, நீர் அவ்வளவு உயர ஏறும். காற்றமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும் என்பதையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பெருங்கேட்டைச் செய்வது காற்றின் தள்ளுதலே. சூறாவளி கிழக்கேயிருந்து நெருங்கும்போது அதன் முன்புறத்தில் வீசுவது வடகாற்று. அது பாக்கு விரிகுடாவின் நீர் முழுவதையும் தெற்கே, அதாவது தனுஷ்கோடியின் மேலும் மன்னார்த் தீவின் வடகரையின் மேலும், தள்ளுகிறது. அலைச்சறுக்குக்காரருக்கான அட்டவணையில் இதற்கெனக் கட்டமில்லை. அதில் அலை உயரம் இருக்கும். கடலே எத்தனை அடி உயர்ந்து நிற்கும் என்பது இராது.

இன்று செய்மதிகள் சூறாவளியைப் பிறப்பிலேயே காண்கின்றன. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய ‘புரெவி’ பற்றி முன்னதாகவே அறிவித்துவிட்டார்கள். மறுநாள் அது மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, விரைவில் தமிழகத்தைக் கடக்குமென எதிர்பார்க்கப்பட்டது. அதுவோ இராமநாதபுரக் கரைக்கு அருகே வந்து அசையாமல் நின்று, அங்கேயே வலுவிழந்தது. மார்கழிக் கடலுக்கு அத்தனை பிடிவாதம் உண்டு. ஆகவே டிசெம்பர் 13இல் லூசியாள் திருநாளுக்கென ஊர் திரும்பும் குடும்பங்கள், வானொலியிற் ‘தாழமுக்கம்’ என்ற சொல் கேட்டதும் அலை உயரத்தைத் தேடாமல், வாடையின் வேகம் எவ்வளவு, அன்று அமாவாசையோ பௌர்ணமியோ என்ற இரண்டை விசாரிப்பது தகும். பெருக்கு நாளில் வரும் புயல், ஏற்கெனவே உயர்ந்திருக்கும் நீரின்மேல் ஏறி வருகிறது.

கட்டம் பெரிதாகவும் ஊர் சிறிதாகவும் இருக்கும் குறையைக் கொழும்பிலிருந்தோ ஐதராபாத்திலிருந்தோ எவரும் முழுவதும் தீர்த்துவிட முடியாது. பள்ளிமுனையின் பாடசாலை மாணவர்களால் ஒரு பகுதி தீர்க்க முடியும். வேண்டியது, வள்ளங்கள் கட்டும் இடத்தில் ஆழ ஊன்றிய ஒரு கம்பம். அடியிலிருந்து பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக வெள்ளைப் பூச்சு. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பெரியவர் ஒருவரோடு சென்று கரையிலிருந்தே கோட்டைப் பார்ப்பது. காற்று எங்கிருந்து வருகிறதென்பதைத் துணியொன்றை உயர்த்திப் பார்ப்பது. கொப்பியில் ஐந்து பத்திகள் போதும்: திகதி, பிறை, காற்றின் திசை, நீரின் உயரம், அன்றைய வானொலி சொன்னது. ஐந்தாவது பத்தியை மற்ற நான்கையும் எழுதிய பிறகே நிரப்ப வேண்டும்.