புல்லோடு மசால்

அமாவாசையன்று அகத்திக்கீரைக் கட்டு வாங்கிப் பசுவுக்குக் கொடுப்பது காஞ்சிபுரத்தில் பல வீடுகளின் வழக்கம். புண்ணியக் கணக்கு எப்படியோ, தீவனக் கணக்கு சரிதான். அகத்தி பயறு வகைக் குடும்பம். தழையில் புரதம் அதிகம். மற்ற நாட்களில் அதே மாட்டுக்குக் கிடைப்பது மந்தைவெளியின் காய்ந்த புல். அது வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது.

குளிர் நாட்டுக்காரர்கள் புல்வெளியிலேயே கிளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடியைச் சேர்த்து விதைக்கிறார்கள். அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். பக்கத்துப் புல்லுக்கும் அதில் பங்குண்டு. நீலகிரியில் கிளோவர் தழைக்கும், பாலாற்றங்கரை வெயிலில் தாங்காது. நமக்கு ஏற்றது அதே பயறு வகையான முயல் மசால். மானாவாரி நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லோடு மூன்றுக்கு ஒன்று என்று கலந்து வளர்க்கச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை.

வெறும் நிலத்தில் விதைப்பது எளிது. ஏற்கெனவே வேரூன்றிய புல்லுக்கு நடுவே விதைத்தால், ஈரத்தையும் வெளிச்சத்தையும் புல்லே எடுத்துக்கொள்ளும். ஆகவே மழைக்கு முன் ஆடுமாடுகளை விட்டுப் புல்லை ஒட்ட மேயவிட வேண்டும். பிறகு முள் கிளையை இழுத்து மண்ணைக் கீறிவிட வேண்டும். மசால் விதையின் தோல் கெட்டி. 80 டிகிரி சூட்டு வெந்நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஆழமாகப் புதைத்தாலும் வராது. யூரியா போட்டால் புல்தான் கொழுக்கும், மசால் நசுங்கும்.

இதெல்லாம் கைவேலை, சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். கடினமானது அடுத்த கட்டம்தான். முதல் பருவத்தில் செடி பூத்து விதை உதிர்க்கும்வரை அந்த இடத்தில் ஒரு வாயும் படக் கூடாது. சொந்த நிலமென்றால் வேலி போட்டுவிடலாம். மேய்ச்சல் புறம்போக்கில் யார் யாரைத் தடுப்பது? நிலமில்லாமல் நாலு ஆடு வைத்திருப்பவருக்கு அதுதான் காடும் கழனியும். அவரை வெளியே நிறுத்திவிட்டு வளர்க்கும் பசுமை, முளைப்பதற்குள் சண்டையில் முடியும்.

அதனால் விதை வாங்குமுன் ஊர் கூடிப் பேச வேண்டும். இந்த ஆண்டு கால்பங்கை மட்டும் அடைத்து விதைக்கலாம். முக்கால்பங்கு மேய்ச்சலுக்குத் திறந்திருக்கட்டும். எந்தப் பக்கத்தை அடைப்பது என்பதை ஆடு வைத்திருப்பவர்களே சொல்லட்டும். அடைப்பைக் காப்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.