சத்தம் போட்டால் முறைப்பாடு போடுங்கோ

போன கிழமை ஒரு இரவு, ஒரு மணி தாண்டியிருக்கும். மான்மவுத் ஜங்ஷனில் எங்கட வீட்டுக்கு மேலால் ஒரு விமானம் பதிந்து போனது. நான் எழும்பி வாசல் வரைக்கும் போய்விட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, இங்கே பங்கர் இல்லை, அது நியூவார்க்கில் இறங்கப் போகிற பயணிகள் விமானம் என்று.

"இஞ்சாருங்கோ, அது சும்மா பிளேன். வந்து படுங்கோ" என்றா மனைவி.

1987ல் எனக்குப் பத்து வயது, யாழ்ப்பாணம். சத்தத்தை வைத்தே ஹெலியா, சியாமாசெட்டியா என்று சொல்லிவிடுவோம். சொல்லத் தெரிந்ததால் தப்பினோம். ஆனால் ஆரிடம் போய் முறையிடுவது?

அதே 1987ல்தான் நியூ ஜேர்சியிலும் வானத்தைப் பற்றி ஒரு சண்டை தொடங்கியிருக்கிறது. எஃப்ஏஏ என்கிற மத்திய விமானத்துறை நிறுவனம் முழுமையான சூழல் பாதிப்பு அறிக்கை இல்லாமலே வான்வழிகளை மாற்றியது. அமைதியாக இருந்த ஊர்களுக்கு மேலால் விமானங்கள் போகத் தொடங்கின. சனம் விடாமல் முறைப்பாடு செய்தது. 1990ல் காங்கிரஸ் சட்டம் போட்டு அந்த அறிக்கையைத் தயாரிக்க வைத்தது. வழிகள் பழையபடி திரும்பவில்லைத்தான். ஆனாலும் குண்டு போட்டவனிடம் கணக்குக் கேட்க முடியாத ஊரில் இருந்து வந்த எனக்கு இது பெரிய விசயம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். இங்கே இரைச்சலை அளக்கிற அரச அளவுகோல் ஒரு சராசரி. ஒரு வருசத்துச் சத்தத்தை 24 மணித்தியாலத்துக்குச் சராசரி ஆக்குவார்கள். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை போகிற விமானத்துக்கு மட்டும் 10 டெசிபல் கூட்டிப் போடுவார்கள். வருகிற விடை 65க்குக் கீழே என்றால், குடியிருக்கத் தக்க இடம் என்று கணக்கு. நியூவார்க்கில் இருந்து ஏறக்குறைய 30 மைல் தள்ளி இருக்கிற நாங்கள் அந்தக் கோட்டுக்குள் வரவே மாட்டோம். ஆனால் நித்திரையைக் குழப்புவது சராசரி இல்லை, ஒரு மணிக்குப் போன அந்த ஒரு விமானம்!

எஃப்ஏஏயே 20 விமான நிலையங்களைச் சுற்றி 10,000க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு 2021ல் முடிவை வெளியிட்டது. 65 டெசிபலில் மூன்றில் இரண்டு பங்கினர் கடுமையாக எரிச்சலடைகிறார்கள் என்று வந்தது. பழைய கணக்கு எட்டில் ஒரு பங்கு என்றுதான் சொன்னது.

இன்னொரு கதையும் இருக்கிறது. 2015ல் வாஷிங்டன் ரேகன் விமான நிலையத்துக்கு வந்த 8,760 முறைப்பாடுகளில் 6,852 ஒரே வீட்டில் இருந்து வந்தவை. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற வீடுகள் ஏன் பேசாமல் இருந்தன என்றுதான் யோசித்தேன். ஒரு வீடு ஆயிரம் தரம் கத்தினால் அது பைத்தியம். ஆயிரம் வீடு ஒருதரம் சொன்னால் அது ஊர்.

எங்கட ஆக்களிடம் சொன்னால், "அகதியா வந்த இடத்தில ஏன் வம்பு?" என்பார்கள். நானும் கன காலம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் பேசாமல் இருப்பவனை இந்த நாடு நன்றியுள்ளவன் என்று பதிவதில்லை, பாதிக்கப்படாதவன் என்றே பதிகிறது. வரி கட்டுகிறோம், முறைப்பாடும் போடலாம்.

போர்ட் ஆதோரிட்டிக்கு இணையத்திலோ தொலைபேசியிலோ முறையிடலாம். எந்த விமானம், எந்த உயரம் என்று அவர்களின் வெப்டிராக் பக்கத்தில் பார்க்கலாம். திகதி, நேரம், இடம், இந்த மூன்றையும் சரியாக எழுதுங்கோ. கோபத்தை எழுதிப் பிரயோசனம் இல்லை.

அன்றிரவு நானும் எழுதினேன். என்ன தொந்தரவு என்பதற்கு "நித்திரை குழம்பியது" என்று மட்டும் போட்டேன். வாசல் வரைக்கும் ஓடின கதையை எழுதவில்லை. அது அந்த விமானத்தின் பிழையில்லை.